தோணிக் கணக்கும் மதினியின் வயிறும்

எங்கள் தெருவில் யார் வீட்டுப் பிள்ளை எந்த மாதம் பிறந்தது என்று எவரும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆண்களில் முக்கால்வாசிப் பேர் தோணிக்காரர்கள். செப்டம்பரில் சரக்கேற்றிப் புறப்பட்டால் கொச்சி, மாலத்தீவு என்று சுற்றிவிட்டு, கடல் கெட்டுப்போகிற மே மாதக் கடைசியில்தான் ஊர் திரும்புவார்கள். தோணியைக் கட்டிப்போட்டுவிட்டு மூன்று மாதம் வீட்டில் இருப்பார்கள். ஆகவே பிள்ளைகள் எல்லாம் மார்ச்சுக்கும் ஜூனுக்கும் நடுவில் வரிசையாகப் பிறக்கும். ஈஸ்டர் கழிந்த ஞாயிறுகளில் ஞானஸ்நானத் தொட்டிக்கு முன்னால் ரேஷன் கடை போலக் கூட்டம் நிற்கும். நானும் ஏப்ரல்தான். பள்ளிக்கூடத்தில் என் வகுப்பில் என்னோடு சேர்த்து ஒன்பது ஏப்ரல்கள்.

கொழும்புத் தோணிகள் மட்டும் நடுநடுவே வந்து போகும். அதற்குத் தனிக் கணக்கு உண்டு. எங்கள் பெண்கள் ஒரு வயிற்றைப் பார்த்தால், "இது கிறிஸ்மசுக்கு வந்தப்பம் ஆனது" என்று பயணத்தோடு சொல்லிவிடுவார்கள். இந்தக் கணக்கில் மேதை முக்கு வீட்டு அத்தை. உறவில் அத்தை இல்லை, தெருவுக்கே அத்தை. குழாயடியில் அவள் குடம்தான் எப்போதும் முதலில் இருக்கும். தண்ணீர் பிடித்த பிறகும் அவள் மட்டும் வீட்டுக்குப் போகமாட்டாள்.

எழுபதுகளின் நடுவில் எனக்கு இருபது வயது. டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்துவிட்டு, பழைய துறைமுகத்தில் ஒரு ஏஜெண்ட் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எந்தத் தோணி எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் போனது என்று ரிஜிஸ்தரைப் பார்த்து டைப் அடிப்பது என் வேலை. துறைமுகத்தையே நான்தான் நடத்துகிறேன் என்ற நினைப்பில் நடந்துகொண்டிருந்தேன். கைப்பையை இடுக்கிக்கொண்டு தெருவில் வரும்போது கழுத்து தானாகவே அரை அங்குலம் உயரும். அந்த அரை அங்குலத்தால் வந்த வினைதான் இது.

பக்கத்து வீட்டு மதினிக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம், பிள்ளை இல்லை. அவள் புருஷன், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், மாலத்தீவுத் தோணியில் இருந்தார். மதினிக்கு வாய் கொஞ்சம் நீளம். யாரையும் ஒரு சொல்லில் உட்கார வைத்துவிடுவாள். அதனால் அவளைப் பிடிக்காதவர்கள் எங்கள் தெருவில் தாராளமாக இருந்தார்கள்.

அந்த வருஷம் ஏப்ரல் மாதம், சேலைக் கொசுவத்தை எப்படித்தான் அள்ளிச் செருகினாலும் மதினியின் வயிறு மறையவில்லை. குழாயடி ஒரு வாரம் வாயடைத்து நின்றது. பிறகு கணக்கைத் தொடங்கியது.

"அவன் போனது செப்டம்பர்ல. அப்ப ஆனதுன்னா இப்பம் ஏழு மாசம் இருக்கணும். இது ஏழு மாச வயிறாளா? அஞ்சு. கூடிப்போனா அஞ்சரை" என்றாள் முக்கு வீட்டு அத்தை. ஒன்பது பிள்ளை பெற்றவள். அவளோடு யார் வாதாட முடியும்?

அஞ்சு மாதம் என்றால் நவம்பர். நவம்பரில் அண்ணனின் தோணி ஊருக்கு வந்ததா? இந்த ஒரு கேள்வியில் தெரு முட்டிக்கொண்டு நின்றது. நியாயத்தைச் சொல்ல வேண்டும், சிலர் மதினி பக்கமும் பேசினார்கள். புயல் அடித்திருக்கும், தோணி ஒரு நாள் இங்கே ஒதுங்கியிருக்கும், நமக்குத் தெரியாமல் அவன் வந்து போயிருப்பான் என்றார்கள். எங்கள் தெருவுக்குத் தெரியாமல் ஒரு ஆண்பிள்ளை வீட்டுக்கு வந்து போவதா? சொன்னவர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

ஒரு நாள் சாயங்காலம் நான் ஆபீசிலிருந்து வரும்போது அத்தை என்னை மறித்தாள். என் கையைப் பிடித்துத் தடவிக்கொடுத்தாள். "எம்மா, நீ படிச்ச பிள்ள. உங்க ஆபீசுல எல்லாத் தோணியும் எழுதி வச்சிருப்பாவல்லா? நவம்பர்ல அவன் தோணி ஒரு நாளாவது இங்கன ஒதுங்குச்சாளா?"

எதற்குக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் 'படிச்ச பிள்ள' என்றுவிட்டாளே. மறுநாள் ரிஜிஸ்தரைப் புரட்டி, மாலையில் குழாயடிக்கே போய், பத்துப் பேருக்கு முன்னால் கழுத்தை உயர்த்திக்கொண்டு சொன்னேன்: "செப்டம்பர் இருபத்தாறாம் தேதி புறப்பட்டது. அதுக்குப் பெறகு இந்தத் துறைமுகத்துக்குள்ளயே வரல."

ஒரு குடம் நிரம்பி வழிந்தது. யாரும் குழாயை மூடவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அம்மா அதிகம் பேசாதவள். அடுப்பை விட்டுக் குசினியிலிருந்து வெளியே வந்து என் கன்னத்தில் ஒன்று விட்டாள். "ஏ மூதி, ஒருத்தி குடியக் கெடுக்கதுக்கா ஒன்ன டைப்படிக்கப் படிக்க வச்சேன்?" என்றாள். இருபது வயதில் அறை வாங்கியது எனக்கு மானக்கேடாக இருந்தது. அழுதேன். அடி வலித்ததைவிட அவள் சொன்னது சரி என்பதுதான் வலித்தது.

அதற்குப் பிறகு மதினி குழாயடிக்கு வந்தால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். யாரோ கொச்சிக்குப் போகும் தோணியில் அண்ணனுக்குச் சொல்லியும் அனுப்பிவிட்டார்கள். மதினி இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என்னளா, எல்லாரும் என் வயித்தயே பாக்கிய? அதுல என்ன கப்பலா கட்டுதாவ?"

"கப்பல் இல்ல, தோணி. எந்தத் தோணின்னுதான் தெரியல" என்றாள் முக்கு வீட்டு அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். மதினி பதிலுக்கு வாயைத் திறந்தாள். எவ்வளவு பெரிய வாய்! அன்றைக்குத் திறந்தபடியே நின்றுவிட்டது. குடத்தை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

அவள் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே செத்திருக்கும். மூன்று வருஷமாக அவளுக்கு மாதத்தில் பாதி நாள் தூரம். கட்டி கட்டியாக உதிரம் போய்க்கொண்டிருந்தது. கர்ப்பம் தரித்தவளுக்கு அப்படிப் போகுமா? ஆனால் அதை எப்படி வெளியே சொல்வது? எங்கள் தெருவில் ஒருத்தியை நடத்தை கெட்டவள் என்று குழாயடியில் உரக்கச் சொல்லலாம். எனக்கு உதிரம் போகிறது என்று பக்கத்து வீட்டுக்காரியின் காதில்கூடச் சொல்லக் கூடாது. அப்படி ஒரு மரியாதையான தெரு.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அம்மாவும் நானும் ஓடினோம். மதினி குசினித் தரையில் கிடந்தாள். முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது. அம்மா அவள் சேலையைப் பார்த்தாள். பிறகு உள் அறையில் கட்டிலுக்குப் பின்னால் கொடியில் மறைத்துக் காயப்போட்டிருந்த துணிகளைப் பார்த்தாள். ஒரு வீட்டில் அவ்வளவு துணி தேவைப்படக் கூடாது.

"எவ்வளவு நாளாளா?" என்றாள் அம்மா.

"மூணு வருசம்க்கா" என்றாள் மதினி. சொல்லிவிட்டு, "யாருகிட்டயும் சொல்லிராதிய" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். உயிர் போகிற நேரத்திலும் இதுதான் கவலை.

குதிரை வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே டாக்டரம்மா ஒருத்தி இருந்தாள். குள்ளம், கண்ணாடி, காட்டமான குரல். நோயாளிகளை அதட்டியே குணமாக்கிவிடுவாள் என்று பெயர். மதினியைச் சோதித்துவிட்டு வந்து எங்களை அதட்டினாள்.

"கர்ப்பப்பைல தசைக்கட்டி. ஒண்ணு இல்ல, நாலஞ்சு இருக்கும்போல. அஞ்சு மாசக் கர்ப்பம் தண்டி வளந்திருக்கு. ஒடம்புல பாதி ரத்தம்கூட இல்ல. இவ்வளவு நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

நாங்கள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று நான் எப்படிச் சொல்வேன்? அந்த 'அஞ்சு மாசம்' வேறு என்னைச் சுட்டது. முக்கு வீட்டு அத்தை அளவில் தவறவில்லை.

"புத்துநோயா டாக்டரம்மா?" என்று அம்மா பயந்துகொண்டே கேட்டாள்.

"கட்டின்னாலே புத்துநோயா? இது நிறையப் பொம்பளைகளுக்கு வரும். பெரும்பாலும் சாதாரணக் கட்டிதான். எல்லாத்துக்கும் ஆப்பரேஷன்கூட வேண்டாம். ஆனா இது முத்திப்போச்சு, கர்ப்பப்பையோட எடுக்கணும். முதல்ல ரத்தம் ஏத்துதேன். புருஷன் எங்க? கையெழுத்துப் போடணும்."

அந்தக் காலத்தில் அப்படித்தான். வயிறு அவளுடையது, கையெழுத்து அவனுடையது. அவனோ நடுக்கடலில். அதற்குள் அவன் காதில் என்ன விழுந்திருக்குமோ? கையெழுத்துப் போட வருவானா, கழுத்தைப் பிடிக்க வருவானா?

தந்தி கொடுக்கும் பொறுப்பை நான் ஏற்றேன். பாவம் செய்தவள் நான்தானே. கொச்சியில் அண்ணன் தோணியின் ஏஜெண்ட் ஆபீசுக்கு, "மனைவி ஆஸ்பத்திரியில், உடனே புறப்படவும்" என்று அடித்தேன். சுருக்கமாக, அழகாக. படித்த பிள்ளை அல்லவா?

வார்டில் மதினியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு நாள் சொல்லிவிட்டேன். "மதினி, அந்தத் தேதியச் சொன்னது நாந்தான்."

"தெரியும்ளா. வேற யாருக்கு நாளும் கிழமையும் அவ்வளவு சுத்தமாத் தெரியும்? பொய்யா சொன்ன? உள்ளதத்தான சொன்ன. ஆனா சொல்லுததுக்கு முந்தி, எதுக்குக் கேக்குதாவன்னு நீ கேட்டிருக்கணும்ளா, செத்த மூதி" என்றாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "அவுக நம்பிட்டாவன்னா நான் பொழச்சு என்னத்துக்கு?" என்றாள்.

நான்காம் நாள் காலை அண்ணன் வந்தார். ரயில் நிலையத்திலிருந்து நேரே தெருவுக்குத்தான் போயிருக்கிறார். அம்மா பிறகு சொன்னாள், தெருவே வாசலில் வந்து நின்றதாம். முக்கு வீட்டு அத்தை நன்றாகத் தெரியட்டும் என்று படியில் ஏறி நின்றாளாம். கையில் அரிவாள் இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு முன்னால், அந்த மனுஷன் ஒரு பிஸ்கட் டின், ஒரு ரப்பர் ஷீட், அழுத்தினால் கீச்சென்று கத்தும் பொம்மை, ஒரு கொசுவலைக் குடை, இவ்வளவையும் சுமந்துகொண்டு வந்தார். எல்லோரையும் பார்த்துச் சிரித்து, "என்ன பிள்ள பிறந்திருக்கு?" என்று கேட்டாராம்.

கொச்சியில் தோணி வந்து நின்றதுமே யாரோ, உன் பெண்டாட்டி வயிற்றோடு இருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறார்கள். பின்னாலேயே என் தந்தி, மனைவி ஆஸ்பத்திரியில் என்று. இரண்டையும் கூட்டினால் பிரசவம். பதினெட்டு வருஷம் காத்திருந்தவர் மாதத்தை எண்ணவில்லை. தோணியிலேயே பிறந்து வளர்ந்த மனுஷன், ஊரெல்லாம் போட்ட அந்தக் கணக்கு அவர் தலைக்குள்ளேயே நுழையவில்லை.

பதிலுக்கு நிற்காமல் அதே சாமான்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன். வெளியே போயிருக்க வேண்டும், போகவில்லை. மதினி அந்தப் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ள இல்லங்க. கட்டி" என்றாள்.

அவர் கையில் இருந்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் தரையில் வைத்தார். பொம்மை கீச்சென்றது. பிறகு, "ஒன் உசிருக்கு ஒண்ணும் இல்லல்லா?" என்று கேட்டார். அது ஒன்றுதான் கேட்டார். மதினி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அவர் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஐந்து கட்டிகள். பெரியது ஒரு தேங்காய் அளவு என்று டாக்டரம்மா கையைக் குவித்துக் காட்டினாள். மதினி ரத்தம் ஏறி, நிறம் ஏறி வீட்டுக்கு வந்தாள். வாயும் திரும்பி வந்தது. அந்த வாயோடு நேரே பங்குச் சாமியாரிடம் போனாள், என்னையும் இழுத்துக்கொண்டு.

"சாமி, ஞாயித்துக்கெழம கலியாண ஓலை வாசிக்கியளே, அதோட இதையும் வாசிக்கணும். என்னைய நாறடிச்சது ஊருக்கு முன்னால. அதனால ஊருக்கு முன்னாலதான் சொல்லணும்."

டாக்டரம்மாவைக் கேட்டு நான் எழுதிக்கொடுத்த தாள் அது. என்னென்ன நோவு இருந்தால் பெண்கள் கூச்சப்படாமல் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், சனிக்கிழமை காலையில் டாக்டரம்மா அதற்கென்று உட்காருவாள், எல்லாம் அதில் இருந்தது. சாமியாருக்கு முதல் வரியைப் படித்ததும் காது சிவந்தது. "உபதேசியார் பாத்துத் திருத்தட்டும்" என்றார். கோவிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாருக்கு அறுபது வயது, தலையிலிருந்து கால்வரை கூச்சம். அவர் 'உதிரம்' என்பதை அடித்தார். 'கர்ப்பப்பை' என்பதை அடித்தார். 'மாதம்' என்பதையும் ஒரு பாதுகாப்புக்கு அடித்தார். ஞாயிற்றுக்கிழமை, இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம் என்று அறிவிக்கும் மூன்று ஓலைகளுக்குப் பிறகு, சாமியார் கண்ணை மூடிக்கொண்டு மிச்சத்தை வாசித்தார்:

"தாய்மார்கள் சனிக்கிழமைதோறும் தங்கள் சுகத்தைப் பேணிக்கொள்ளவும்."

கோவிலில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. மற்ற கிழமைகளில் பேண வேண்டாமா என்று என் பக்கத்தில் ஒருத்தி கேட்டாள். அப்போது பெண்கள் பக்கத்தில் மதினி எழுந்து நின்றாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"சாமி மன்னிக்கணும். இதக் கொண்டாந்து குடுத்த எனக்கே வெளங்கல. நானே சொல்லிருதேன்." கோவில் முழுக்கத் திரும்பியது. "எல்லாரும் கேட்டுக்கிடுங்க. என் வயித்துல இருந்தது பிள்ள இல்ல, கட்டி. கர்ப்பப்பையில வளருத கட்டி. மூணு வருசமா எனக்கு மாசத்துல பதினஞ்சு நாள் தூரம். துணி மாத்தி மாளல. நடந்தா மூச்சு வாங்கிச்சு, நிமிசத்துக்கு ஒருக்க ஒண்ணுக்கு முட்டிச்சு. வெக்கப்பட்டுக்கிட்டு வாயத் தொறக்கல. தொறந்திருந்தா இவ்வளவு முத்தியிருக்காது. நீங்களும் என்னைய இப்படிப் பேசியிருக்க மாட்டிய. ஒங்கள்ல யாருக்காவது இப்படி இருந்தா சனிக்கெழம என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க. அம்புட்டுத்தான். நீங்க பூசைய வைங்க சாமி."

ஆண்கள் பக்கம் அத்தனை பேரும் மேற்கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் இருமினார், தொற்றுநோய் போல எல்லோரும் இருமினார்கள். அண்ணன் மட்டும் பெண்டாட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார், வாயெல்லாம் பல்லாக.

சனிக்கிழமை காலை யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, எனக்குத் துணைக்கு வா என்று அம்மாவை அழைத்துக்கொண்டு, மதினியோடு கிளம்பினேன். முக்குத் திரும்பியபோது இரண்டு பேர் சேர்ந்தார்கள். கோவிலடியில் நான்கு பேர். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தபோது எண்ணினேன், பதினாலு பேர். முக்கு வீட்டு அத்தையும் இருந்தாள், மதினியின் கண்ணில் படாமல் தூணுக்குப் பின்னால்.

டாக்டரம்மா பேனாவைத் திறந்தாள். "சொல்லுங்க, யாருக்கு என்ன செய்யுது?"

டாக்டரம்மா முதல் ஆளைக் காட்டினாள். "நான் இவளுக்குத் துணைக்கு வந்தேன்" என்றாள் அவள். அடுத்தவள், "நான் அவளுக்குத் துணைக்கு" என்றாள். அதற்கடுத்தவள் இந்த இரண்டு பேருக்கும் துணை. இப்படியே பெஞ்சு முடிந்துவிட்டது.

"பதினாலு பேரும் துணைக்கா? அப்ப நோயாளி வீட்டுல இருக்காளா?" என்று அதட்டினாள் டாக்டரம்மா.

"நான் ஆப்பரேஷன் பண்ணுனவளுக்குத் துணைக்கு வந்தேன்" என்றது தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

மதினி திரும்பிப் பார்த்தாள். "எனக்கு என்னத்துக்குத் துணை? எங்கிட்ட இருந்த கர்ப்பப்பையே போயிட்டு. ஒங்களுக்கு என்ன செய்யுதுன்னு சொல்லுங்க, அத்த."

சிரிப்பு எழுந்தது. அத்தை சிரிக்கவில்லை. தூணை விட்டு வந்தாள். தெருவில் எல்லோர் வயிற்றையும் எடைபோட்டவள், தன் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, "என் பேர எழுதிக்கிடுங்க டாக்டரம்மா" என்றாள். மதினி நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டாள்.

அதன் பிறகு பெஞ்சில் ஒரு சலசலப்பு. என் பக்கத்திலிருந்து அம்மா எழுந்தாள்.

"எங்கம்மா போற? உக்காரு. நீ எனக்குத் துணைக்குத்தான வந்த?" என்றேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு டாக்டரம்மாவின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"எனக்கு எட்டு வருசமா இருக்கு. எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது" என்றாள்.